ஏழாம் அறையின் காலி நாட்கள்

ஜூன் 3

பட்டாணிக்கு,

போனில் பேசினால் நாம் இருவருமே பேசுகிறோம், ஒருத்தியும் கேட்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். தலைமை அலுவலகத்துக்குப் போகும் தபால் பையில், மருந்து பில்களோடு சேர்த்துப் போடுகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் சரி, முழுதாகப் படித்துவிட்டுக் கிழி.

நேற்று மேற்பார்வையாளர் வந்தார். வழக்கமாக வந்தால் சமையலறையை எட்டிப் பார்ப்பார், நடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுவார், டீ குடிப்பார். நேற்று ஒன்றும் இல்லை. நேராக என் மேசைக்கு வந்து டேப்லெட்டை என் முன்னால் வைத்தார். நம் கம்பெனியின் பதினாலு முதியோர் இல்லங்களுக்கும் பதினாலு கட்டங்கள். எல்லாம் பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு.

"இது எதுன்னு தெரியுதா?"

"தெரியல சார்."

"உங்க இல்லம்தான். ஒரு ஆள் போனதுக்கப்புறம் படுக்கை சும்மா கிடக்குற நாள் உங்ககிட்டதான் அதிகம். புது ரிப்போர்ட் இது. இனிமே டைரக்டர் தினமும் காலையில இதைத்தான் பார்ப்பாரு."

"யார் சார் இதைச் செஞ்சது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் சிரித்தார். "என்னம்மா, அக்கா தங்கச்சி வீட்டுக்குள்ளயே பேசிக்கிறதில்லையா?"

பகல் நர்ஸ் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை எனக்கு.

அந்த வேலைக்கு நீ எப்படி வந்தாய் என்று நான் சொல்லிக்காட்டப் போவதில்லை. (சொல்லிக்காட்டிவிட்டேன், விடு.) "கணக்குல புலி சார் என் தங்கச்சி" என்று டைரக்டரிடம் சொன்னவள் நான்தான். புலி முதலில் என்னையே கடிக்கும் என்று நினைக்கவில்லை. ஒரு படுக்கை எப்போது காலியாகிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இத்தனை வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா நன்றாக இருக்கிறார் என்று எழுத ஆசை. மூச்சு வாங்குகிறது. ஏழாம் அறை ஜன்னலோரம்தான் நாளெல்லாம். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய பழக்கம் இன்னும் போகவில்லை. சக்கர நாற்காலியைத் தள்ள யார் வந்தாலும், "பின்னாடி எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப விடுகிறார். "சின்னவ ஏன் பேசுறதில்ல?" என்று கேட்கிறார். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் இல்லைதானே?

அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

முழுதாகப் படித்தேன். கிழிக்கவில்லை. இதில் எங்காவது கோபம் தெரிந்தால், அது கோபம்தான்.

நான் இங்கே வந்தபோது ரிப்போர்ட் என்று ஒன்று கிடையாது. பதினாலு இல்லங்களிலிருந்து பதினாலு விதமான எக்செல் தாள்கள் வரும். ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆளை ஒரு இல்லம் 'இருக்கிறார்' என்று எழுதும், இன்னொன்று அதையே 'காலி' என்று எழுதும். ஒரு இல்லத்தில் முப்பது படுக்கையில் முப்பத்திரண்டு பேர் படுத்திருந்தார்கள், காகிதத்தில். யாருடைய எண் சரி என்ற சண்டையிலேயே மாதக் கூட்டம் முடிந்துவிடும். மூன்று மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருள்தான் என்று எழுதி வைத்தேன். 'இருக்கிறார்' என்றால் என்ன, 'காலி' என்றால் என்ன. இப்போது டேப்லெட்டில் நீங்கள் அறையின் நிலையை மாற்றினால், மறுநாள் காலை அது தானாகவே என் ரிப்போர்ட்டில் வந்து நிற்கும். நடுவில் யாரும் கை வைக்க முடியாது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது. உனக்குக் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன்.

நல்ல ரிப்போர்ட் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பத்துக் கேள்விக்குச் சொல்லப் பார்த்தால் ஒன்றுக்கும் சொல்லாது. டைரக்டர் கேட்ட கேள்வி, "ஒருத்தர் போனா அடுத்தவர் வர எத்தனை நாள் ஆகுது?" என்பது. பணத்துக்காக மட்டும் கேட்கிறார் என்று நினைக்காதே. அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடத்துக்காகக் காத்திருக்கின்றன. அவர்களுடைய போனை எடுப்பவள் என் பக்கத்து மேசைப் பெண். ஒரு நாள் ஒருவர் பேசியதைத் தாங்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டதாம். வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போகிறாராம். "பெத்தவளப் பூட்டி வச்சிட்டு இன்னும் எத்தனை நாள் மேடம் வேலைக்குப் போறது?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் அந்தச் சிவப்பை வைத்தேன்.

மற்றவர்கள் ஒரே நாளில் அறையைக் கொடுக்கிறார்கள். உன்னிடம் மட்டும் ஏன் நாலு நாள், ஐந்து நாள்? ரிப்போர்ட் பொய் சொல்லாது. யார் அக்கா, யார் தங்கை என்றும் பார்க்காது. பார்த்தால் அது ரிப்போர்ட்டே இல்லை.

அப்பாவிடம் நீ எனக்காகக் காரணம் சொல்ல வேண்டாம். நான் போன் செய்தால் நீதான் எடுக்கிறாய், அவர் தூங்குகிறார் என்கிறாய். உன் இல்லத்தில் இருப்பதால் அவர் உனக்கு மட்டும் அப்பா ஆகிவிட மாட்டார்.

தங்கை


ஜூன் 20

பட்டாணி,

அவர் தூங்கும் நேரமாகப் பார்த்துத்தான் நீ போன் செய்கிறாய். மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு தூக்கம் போடுவது இன்று நேற்றுப் பழக்கமா? சரி, அந்தச் சண்டை வேண்டாம்.

நாலு நாள் என்ன செய்கிறேன் என்று கேட்டாய். சொல்கிறேன்.

மூன்றாம் அறையில் ஒரு தையல்காரர் இருந்தார். போன மாதம் இறந்தார். ஒரே மகன், கப்பலில் வேலை. அவன் வந்து சேரும் வரை அறையைப் பூட்டி வைத்திருந்தேன். போர்வையை மடிக்கவில்லை. மேசையில் மூக்குக் கண்ணாடி, பாதி குடித்த தண்ணீர், எல்லாம் அப்படியே. தரை துடைக்கும் வாளிக்காரம்மாகூட உள்ளே போகவில்லை. மகன் வந்தான். ஆள் நல்ல உயரம், கதவில் குனிந்துதான் நுழைய வேண்டும். கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்து என்னிடம் என்ன கேட்டான் தெரியுமா?

"எந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பாரு?"

சொன்னேன். திரும்ப உள்ளே போய் அதே பக்கம் தலை வைத்துப் படுத்துக்கொண்டான், செருப்பைக்கூடக் கழற்றாமல். சாயங்காலம் அவனே போர்வையை மடித்து என் கையில் கொடுத்து, "இப்ப யாருக்காவது குடுங்க" என்றான்.

நான் முதன்முதலில் வேலை பார்த்த இல்லத்தில் இப்படி இல்லை. காலையில் ஆள் போனால் மாலையில் புது ஆள். ஒரு மகள் பெட்டியும் கையுமாக ஓடி வந்தாள். அவள் அம்மாவின் கட்டிலில் யாரோ ஒரு அம்மா உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு என்ன தெரியும், பாவம், இவளுக்கும் ஒன்று நீட்டினார். இவள் வாங்கிக்கொண்டாள். அழுதிருந்தால் மறந்திருப்பேன். வாங்கிக்கொண்டாள், பட்டாணி.

அந்த நாட்கள் உன் கணக்கில் காலியா? நீ பொருள் எழுதி வைத்த சொற்களோடு இன்னும் ஒன்றைச் சேர்க்க முடியாதா? 'காலி' என்று ஒன்று, 'வருபவருக்காக வைத்திருக்கிறோம்' என்று ஒன்று. இரண்டும் ஒன்றில்லை.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் அந்த மகனைப் பற்றி எழுதினாயே, படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்குக் கண்ணில் தெரிவது என் கதவுக்கு உள்ளே இருப்பவர்கள்தான்.

டாக்டர் வந்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. "பாக்க வேண்டியவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்றார். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. உன் ரிப்போர்ட்டைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். குறையாகத்தான் சொன்னேன். அவர் என்னடா என்றால், "பதினாலு வீட்டையும் ஒரே பக்கத்துல கொண்டுவந்துட்டாளா? கெட்டிக்காரிதான்" என்று சிரிக்கிறார். எனக்கு எரிச்சலாக வந்தது.

வந்து பார்.

அக்கா


ஜூலை 1

அக்கா,

உன் கேள்வியைக் கூட்டத்தில் கேட்டேன். உன்னைக் குறிப்பிடவில்லை. டைரக்டர் கெட்டவர் இல்லை, யோசித்துத்தான் பதில் சொன்னார். "நல்ல விஷயம்தாம்மா. ஆனா அந்த இன்னொரு சொல்லைக் குடுத்தா, நாளைக்கே எல்லா இல்லமும் எல்லா நாளையும் அதுலயே எழுதிடும். அப்புறம் இந்த ரிப்போர்ட்டுக்கு என்ன மதிப்பு?" என்றார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அதனால் வேறு ஒன்று செய்தேன். ரிப்போர்ட்டில் இரண்டாம் பக்கம் ஒன்று சேர்த்தேன். கட்டத்தைத் தொட்டால் அது திறக்கும். எந்த அறை, எத்தனை நாள், ஏன் தாமதம் என்று இல்லத்தார் எழுதிய காரணம் எல்லாம் அங்கே இருக்கும். தையல்காரரின் அறைக்கு 'மகன் வர வேண்டும்' என்று நீ எழுதியிருந்த வரியும் இருக்கிறது.

யார் எந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். முதல் பக்கத்தைத் தினமும் எல்லோரும் பார்க்கிறார்கள். டைரக்டர் காரில் வரும்போதே போனில் பார்த்துவிடுகிறார், பச்சையா சிவப்பா என்று. இரண்டாம் பக்கத்தை இதுவரை ஒரே ஒரு ஆள்தான் திறந்திருக்கிறார். நான்.

ரிப்போர்ட்டைச் செய்து முடிப்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். செய்து முடித்த பிறகு அதைக் கட்டி மேய்ப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. எங்கோ ஒரு இல்லத்தில் அறை எண்ணை மாற்றி எழுதினால் இங்கே இரண்டு பேர் காணாமல் போகிறார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு மதியம் ஆகிவிடுகிறது.

இன்னொரு விஷயம். மூன்று மாதம் தொடர்ந்து சிவப்பில் இருக்கும் இல்லத்தில் மேலாளரை மாற்றுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். உனக்கு மே, ஜூன் இரண்டும் சிவப்பு. தயவு செய்து இந்த ஒரு மாதம் மட்டும் அறைகளைச் சீக்கிரம் கொடுத்துவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்பது எனக்கு எளிதில்லை என்று உனக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் தேதி ஆண்டுக் கூட்டம். அது முடிந்த கையோடு ரயில் ஏறுகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லிவிடு.

தங்கை


ஜூலை 12

அக்கா,

தபால் பை வராததால் மெயிலில் எழுதுகிறேன்.

முந்தாநாள் அப்பா போய்விட்டார் என்று நீ சொன்னதும் போனை வைத்துவிட்டேன். அப்படியே ஸ்டேஷனுக்குப் போனேன். ஆற்றுப் பாலத்துக்கு மேலே தண்ணீர் போகிறது, ரயில் இல்லை, பஸ்ஸும் இல்லை என்றார்கள். நீங்கள் அப்பாவை அனுப்பி வைத்த நேரத்தில் நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்காக நிறுத்தி வைக்க முடியாது என்று நீ சொன்னது சரிதான். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இன்று எங்கே போவது என்று தெரியாமல் அலுவலகத்துக்கு வந்தேன். ஆண்டுக் கூட்டத்தில் என் ரிப்போர்ட்டைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். பச்சையைப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து, மடியில் இருந்த கம்ப்யூட்டரில் உன் கட்டத்தைத் தொட்டேன்.

ஏழாம் அறை. காலி. இரண்டு நாள். காரணம்: மகள் வர வேண்டும்.

அந்த வரியை எடுத்துவிட எனக்கு ஒரு நிமிஷம் போதும். பழுது பார்க்கும் அறைகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கு ஒரு வழி இருக்கிறது, அதை வைத்தவளே நான்தான். ஏழாம் அறையை அதில் போட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை, உன் வேலையும் தப்பும். விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டிருந்தேன். போடவில்லை. ஏன் என்று உனக்குப் புரியும்படி சொல்லத் தெரியவில்லை. அப்பா அந்த அறையில் இருந்தார், இப்போது இல்லை, இது உண்மை என்று அந்த வரி சொன்னது. அதை என் கையால் அழிக்க வரவில்லை.

அறையைக் கொடுத்துவிடு அக்கா. பாலம் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. தரைத்தள அறைதான் வேண்டும் என்று ஒருவர் உன் இல்லத்துக்காகக் காத்திருக்கிறார். பக்கவாதம் வந்து படி ஏற இறங்க முடியாதவர். அவர் மனைவி பக்கத்து மேசைக்கு விடாமல் போன் செய்கிறார். கொடுத்துவிடு. நான் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கு அது போதும்.

தங்கை


ஜூலை 13

பட்டாணி,

மெயில் பார்த்தேன். முடியாது.

அறை பூட்டியிருக்கிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது. அவருடைய ஸ்வெட்டர் நாற்காலியில் கிடக்கிறது. கடைசி நாள் காலையில் உன் டிக்கெட்டைப் பற்றி மறுபடி சொன்னேன். "எந்த வண்டி, எத்தனை மணிக்கு வந்து சேருது?" என்று கேட்டார். வண்டி விஷயம் என்றால் அவருக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தாக வேண்டும்.

காத்திருக்கும் அந்த அம்மாவிடம் நானே பேசினேன். "எங்க வீட்ல ஒரு சாவுங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்க முடியுமா?" என்றேன். "அதுக்கென்னம்மா, பொறுத்துக்கிறோம். நீங்க உங்க காரியத்தைப் பாருங்க" என்றார். நல்ல மனுஷி.

ஊரில் யார் யாருடைய பிள்ளைகளுக்கோ அறையை வைத்திருந்தேன். என் கூடப் பிறந்தவளுக்கு வைக்காமல் இருப்பேனா? வேலை போனால் போகிறது.

தண்ணீர் வடிந்ததும் வா. அவசரப்பட்டு லாரி கீரி பிடித்து வராதே.

அக்கா


ஆகஸ்ட் 8

அக்கா,

வெள்ளம் வடிந்து நான் வந்த அன்று, ஏழாம் அறைக்குள் போனதும் நீ கதவைச் சாத்திவிட்டு நடையின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டாய். உள்ளே என்ன செய்தேன் என்று நான் ஊர் திரும்பும் வரை கேட்கவே இல்லை. சொல்கிறேன். முதலில் ஒன்றும் செய்யவில்லை. பிறகு அவர் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். ஜன்னலோரம் அவர் இடத்தில் உட்கார்ந்து, "அப்பா, போன் பண்ணியிருக்கணும்பா, பண்ணல" என்றேன். வாய்விட்டுச் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு இடம் இருந்தது. இல்லாமல் போயிருந்தால் இந்த ஜென்மம் முழுக்க அதை எங்கே கொண்டுபோய்ச் சொல்லியிருப்பேன்?

இங்கே வந்ததும் உனக்கு வந்த உத்தரவைப் பார்த்தேன். மேலாளர் பொறுப்பிலிருந்து எடுத்து மத்தியக் கிடங்குக்குப் போட்டிருக்கிறார்கள். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கையெழுத்துப் போட்டாயாமே. நீயா? மேற்பார்வையாளரே ஆச்சரியப்பட்டு என்னிடம் கேட்டார்.

எனக்கு ஆறவில்லை. மற்ற இல்லங்கள் எப்படி ஒரே நாளில் முடிக்கின்றன என்று முதல் தடவையாக உட்கார்ந்து பார்த்தேன். சமையலறைக் கணக்கை எடுத்து அறைக் கணக்கின் பக்கத்தில் வைத்தேன். ஒரு அறைக்குத் திங்கட்கிழமையோடு சாப்பாட்டுத் தட்டு போவது நின்றுவிட்டது. ஆனால் வியாழன் வரை ஆள் அறையில் 'இருக்கிறார்'. ஒரு அறை, ஒரு இல்லம் என்றால் தவறு என்று விட்டுவிடலாம். பாதிக்கு மேற்பட்ட இல்லங்களில் இதே கதை. சிவப்புக்குப் பயந்து, அடுத்த ஆள் வரும் வரை, செத்தவர்களை டேப்லெட்டில் உயிரோடு வைத்திருந்திருக்கிறார்கள். நீ உள்ள தேதியை உள்ளபடி போட்டாய், அதனால் சிவப்பு. என் ரிப்போர்ட் பொய் சொல்லாது என்று உனக்கு எழுதினேன். அது ஊரையே பொய் சொல்லப் பழக்கியிருக்கிறது, அக்கா. நான் பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

டைரக்டரிடம் கொண்டுபோனேன். இரண்டு கணக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அந்த ரெண்டாவது பக்கத்தைத் திறங்க" என்றார். திறந்தேன். உன் இல்லத்தின் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார்.

"ஏழாம் அறை, மகள் வர வேண்டும்னு போட்டிருக்கே. ஒன்பது நாள் ஆயிருக்கு. யாரு இந்த மகள்?"

"நான்தான் சார்."

"நீங்க கேட்ட அந்த இன்னொரு சொல்லையும் சேர்த்துடுங்கம்மா" என்றார்.

இப்போது நிறங்களை எடுத்துவிட்டேன். குடும்பத்தார் வருவதற்காக அறையை வைத்திருக்கும் நாட்கள் தனியாக வரும். மூன்று நாள் வரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், அதற்கு மேல் என்றால் மேலாளரும் நாங்களும் பேசி முடிவு செய்ய வேண்டும். அதன் பக்கத்திலேயே, அந்த அறைக்காகக் காத்திருப்பவர் யார், எந்த நிலையில் இருக்கிறார் என்பதும் வரும். இறந்த தேதியைச் சமையலறைக் கணக்கோடு ஒவ்வொரு வாரமும் நானே ஒத்துப் பார்ப்பேன். புது ரிப்போர்ட்டை இந்த முறை ஆறு மேலாளர்களிடம் காட்டிக் கேட்ட பிறகுதான் வெளியே விட்டேன். முதல் முறையே உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

உன்னைத் திரும்ப மேலாளராகப் போடச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் உத்தரவு வரும். கிடங்கில் போய்ச் சோப்பு எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். போ அக்கா, உன் இடத்துக்குப் போ.

பட்டாணி


ஆகஸ்ட் 19

பட்டாணி,

உத்தரவு வந்தது. நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபத்தில் இல்லை.

எதிர்த்துப் பேசாமல் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டாய். உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இனிமேல் காத்திருப்பவர்களைப் பற்றியும் உன் ரிப்போர்ட்டில் வரும் என்கிறாய். யாரோ எழுதிய வரியாக ஒரு நாள் நீ அதைப் பார்ப்பதைவிட, நானே சொல்லிவிடுகிறேன்.

உன்னை ரயில் ஏற்றிவிட்டு வந்த மறுநாள் ஏழாம் அறையைத் துடைத்து, புது விரிப்புப் போட்டு, காத்திருந்த அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். அறை தயார், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றேன்.

"இனி வேண்டாம்மா" என்றார்.

வேறு இடம் கிடைத்துவிட்டதா என்று கேட்டேன், புத்தி இல்லாமல்.

"அவரு போயிட்டாரும்மா. நாலு நாளாச்சு."

அவர்கள் குடியிருப்பது மாடியில். குளியலறை கீழே. தினமும் இரண்டு பேருமாகப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக இறங்குவார்களாம். அன்றைக்கு இந்த அம்மா துணி காயப்போடப் போன நேரத்தில், இவளை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, தனியாக இறங்கப் பார்த்திருக்கிறார். நான் அறையைப் பூட்டி வைத்திருந்த நாட்களில் நடந்தது இது. நீ முதலில் சொன்ன அன்றே கொடுத்திருந்தால் அவர் தரைத்தளத்தில் படுத்திருப்பார். கொடுக்காததால்தான் இப்படி ஆனது என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. என்னிடம் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். சில நேரம் நம்புகிறேன்.

நீ வந்த அன்று அவர் இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நமக்குத் தெரியாது. இதை நீ தூக்கிச் சுமக்காதே. பூட்டியது நான், சாவி என்னிடம் இருந்தது, கொடுத்துவிடு என்று நீ எழுதியிருந்தாய்.

மேலாளர் வேலைக்கு இப்போது நான் லாயக்கில்லை. அறையைப் பூட்டவும் பயமாக இருக்கிறது, உடனே திறந்து கொடுக்கவும் பயமாக இருக்கிறது. கிடங்கில் போர்வையும் சோப்பும்தான். அவற்றுக்காக யாரும் தூரத்திலிருந்து வருவதில்லை. உன் புது ரிப்போர்ட் சரியாக இருக்கிறது. அதை விட்டுவிடாதே, தினமும் பார். அப்பா சொன்னதை நானும் சொல்லிவிடுகிறேன், கெட்டிக்காரிதான் நீ.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. படி ஏறும்போது கைப்பிடியைத் தொட மனம் வரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கதவைத் திறந்தவரிடம் நான் யார் என்று சொன்னேன். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். சின்ன உடம்பு. இந்த உடம்பை வைத்துக்கொண்டா அவரைத் தாங்கினார் என்று இருந்தது.

"உங்க வீட்ல சாவுன்னீங்களே, யாரும்மா?"

"எங்க அப்பா."

"அவரு இருந்த அறையா அது?"

"ஆமாங்க. அப்பவே உங்களுக்குக் குடுத்திருக்கலாம். நான்தான் குடுக்கல. என் தங்கச்சி வர முடியாம வெள்ளத்துல மாட்டிக்கிட்டா. அவ வந்து பாக்கணும்னு பூட்டி வச்சிருந்தேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"வந்தாளா?" என்று கேட்டார்.

"வந்தா."

தலையை ஆட்டினார். கீழே யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவர் எழுந்து, "அவரு கட்டிலைக் கீழ் வீட்டுக்காரங்க கேக்குறாங்க. தனியா என்னால எடுக்க முடியல. ஒரு கை பிடிக்கிறீங்களா?" என்றார்.

அவர் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டார், நான் கால்மாட்டை. கீழ்ப்பக்கம் நின்று, பின்பக்கமாக நடந்து இறங்கியது நான்தான். படி குறுகல். "பாத்து, பாத்து" என்று மேலேயிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, இரண்டு பேருமாக இறக்கி வைத்தோம்.

அக்கா